மரனாவ் குடும்பங்களின் வம்சாவளியும் குல உறவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரனாவ் மக்கள் யார்?

பிலிப்பைன்ஸின் தென்பகுதித் தீவான மிண்டனாவில், லனாவ் ஏரியைச் சுற்றி வாழும் முஸ்லிம் மக்கள் மரனாவ் எனப்படுகின்றனர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், சுமார் 340 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் அந்த ஏரியே அவர்களுடைய பெயருக்கும் வாழ்வுக்கும் ஆதாரம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்களின் எண்ணிக்கை சுமார் 18 லட்சம். பெரும்பாலோர் லனாவ் தெல் சூர், லனாவ் தெல் நோர்த்தே ஆகிய இரு மாகாணங்களில் இருக்கின்றனர். வணிகத்திற்காகப் புறப்பட்டவர்கள் இலிகான், ககயன் தெ ஓரோ, மணிலாவின் கியாப்போ என நாடெங்கும் பரவியுள்ளனர். மக்கிந்தனாவ், இரானுன் மக்களோடு மொழியாலும் மண உறவாலும் நெருங்கியவர்கள் என்பதால், ஒரு மரனாவ் குடும்பத்தின் வழியைத் தேடுபவர் விரைவிலேயே அந்த இரு சமூகங்களின் பெயர்களையும் சந்திக்க நேரும்.

வம்சாவளியை அறிவது அவர்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?

அதைக் கொண்டே நடைமுறையில் பல காரியங்கள் தீர்மானிக்கப்படுவதால்தான். ஓர் ஊரின் பட்டத்தை ஏற்க உரிமை உண்டா, இந்தப் பெண்ணுக்கும் இந்தப் பையனுக்கும் இடையே எத்தனையாவது தலைமுறையில் உறவு, திருமணத்தில் தரப்படும் பெத்தாங் என்னும் மணப்பொருளில் எந்தெந்த உறவினருக்குப் பங்கு, இரு குடும்பங்களுக்கிடையே பகை மூண்டால் இரண்டுக்கும் பொதுவான பெரியவர் யார் என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை முன்னோர் வரிசையில்தான் இருக்கிறது. மரத்தபாத் எனப்படும் குடும்ப மானமும் இதனோடு பிணைந்துள்ளது. பெத்தாங்கில் உரிய பங்கு கொடுக்காமல் ஒருவரை விட்டுவிட்டால், அவருக்குப் பணம் இழப்பு என்பதைவிட, உறவையே மறுத்துவிட்டார்கள் என்பதுதான் பெரிய காயமாகிறது.

எனவே மரனாவ் பெரியவர் ஒருவர் முதன்முறையாகச் சந்திக்கும் மற்றொரு மரனாவிடம் ஊரையும் தாத்தா பாட்டியரையும் விசாரித்தால், அதை வெறும் உபசாரப் பேச்சு என்று எண்ணிவிடக் கூடாது. எந்த முன்னோர் வழியாக நாம் இருவரும் உறவு என்று அவர் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார்; அந்தக் கணக்கு முடிந்த பிறகே எப்படி அழைப்பது, எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்வது என்பதெல்லாம் முடிவாகும்.

வழி தந்தையைப் பின்பற்றுகிறதா, தாயைப் பின்பற்றுகிறதா?

இரண்டையும். ஒருவர் தம் தந்தை வழியாகவும் தாய் வழியாகவும், அவர்களுடைய பெற்றோர் நால்வர் வழியாகவும் பங்சா எனப்படும் வம்சங்களுக்கு உரியவராகிறார். (வம்சம் என்னும் சொல்லே அங்கு அவ்வாறு வழங்குகிறது.) ஆகவே ஒரே மனிதருக்கு மூன்று நான்கு ஊர்களில் உரிமை இருக்கலாம்; எங்கே குடியிருக்கிறார், எந்த உறவைப் பேணி வருகிறார், எந்த ஊர்ச் சடங்குகளுக்குத் தம் பங்கைத் தவறாமல் செலுத்துகிறார் என்பதைப் பொறுத்து அவற்றில் சில உயிரோட்டத்துடன் இருக்கும், சில காலப்போக்கில் மங்கிவிடும்.

தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று ஒரே கோடாகப் பின்னோக்கிச் செல்லும் முறைக்குப் பழகிய ஆய்வாளர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். ஐந்து தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 32 முன்னோர் இருக்க வேண்டும். ஆனால் உயர்ந்த வழிகள் தம்முள்ளேயே மணம் செய்துகொள்ளும் வழக்கமுடையவை என்பதால், அந்த 32 இடங்களில் ஒரே பெயர் இரண்டு மூன்று முறை வந்து நிற்கும். இதைப் பிழை என்று கருதித் திருத்திவிடக் கூடாது. தாய், தந்தை இரு புறமும் உயர் வழியினராக இருப்பவருக்கே முழுத் தகுதி என்ற எண்ணம் இருந்ததால், அந்த மணங்கள் திட்டமிட்டே நடந்தவை. ஒரு வலையின் முடிச்சுகளைப் போல, பல கோடுகள் வந்து கூடும் அத்தகைய முன்னோர்களையே முதலில் அடையாளம் காண வேண்டும்.

சல்சிலா என்பது என்ன?

எழுதி வைக்கப்பட்ட வம்சாவளியே சல்சிலா. சூலு, மக்கிந்தனாவ் பகுதிகளில் இதைத் தர்சிலா என்பர். மரனாவ் மொழியை அரபு எழுத்துகளில் எழுதும் கிரிம் முறையில் இவை எழுதப்பட்டன. இன்னார் இன்னாரை மணந்தார், அவர்களுக்குப் பிறந்தவர்கள் இன்னார், அவர்களில் இன்னார் இன்ன ஊருக்குச் சென்றார் என்னும் வாய்பாட்டில் வாசகங்கள் அடுத்தடுத்து வரும். இடையிடையே ஓர் ஒப்பந்தமோ நில எல்லையோ பட்டம் பகிரப்பட்ட விதமோ பதிவாகியிருக்கும். லெபனான் பகுதியில் பிறந்து அமெரிக்க ஆட்சியில் பணியாற்றிய மருத்துவர் நஜீப் சலீபி 1905இல் மணிலாவில் வெளியிட்ட ஆய்வில் மக்கிந்தனாவ் தர்சிலாக்களின் மொழிபெயர்ப்புகளைச் சேர்த்தார். அவற்றைப் படித்தால் இந்த வகை எழுத்தின் அமைப்பு நன்கு புலப்படும்.

சல்சிலாவைப் பிறப்புப் பதிவேடாக நினைத்துப் படிப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம். ஒரு குடும்பம் தன் உரிமையை நிலைநாட்டுவதற்காக எழுதி, படியெடுத்து, பாதுகாத்து வந்த ஆவணம் அது. எந்தக் கிளை பட்டத்திற்கு உரியதோ அந்தக் கிளை விரிவாக எழுதப்பட்டிருக்கும். மற்றக் கிளைகள் ஒரு பெயரோடு நின்றுவிடும். குழந்தையாய் இறந்தவர்கள், பிள்ளையின்றி மறைந்தவர்கள், தொலைவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் ஆகியோர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆண்டுகள் அரிதாகவே இருக்கும். ஆகவே ஒரு சல்சிலாவைக் கையிலெடுக்கும்போது, இதை யார் வைத்திருந்தார், எந்தத் தேவைக்காக இது படியெடுக்கப்பட்டது, எந்தக் கிளையில் வந்து முடிகிறது என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

எழுத்தோடு இது நின்றுவிடவும் இல்லை. பட்டமேற்பு விழாக்களிலும் திருமணங்களிலும் முன்னோர் வழியைச் சபையறியச் சொல்வது வழக்கம். தவறாகச் சொன்னால் அவையிலேயே மறுப்பு எழும். எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்பட்டு, எவரும் மறுக்காத வழிக்கு ஒரு தனி வலு உண்டு என்பதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். பெட்டிக்குள் கிடந்த ஏட்டைவிடச் சில சமயம் அது நம்பத்தக்கது.

நான்கு பங்கம்போங் என்கிறார்களே, அவை எவை?

பாயபாவ், மாசியு, உனயன், பாலோய் என்னும் நான்கு பெரும் ஆட்சிப் பிரிவுகள்தாம் பங்கம்போங். ஏரிநாடு முழுவதையும் ஒரே சுல்தான் ஆண்டதில்லை. இந்த நான்கின் கீழ் அரச இல்லங்களும், அவற்றின் கீழ் எண்ணற்ற சிறு சுல்தான்களும் இருந்தனர்; எவருக்கு எந்த உரிமை, எவரோடு எவருக்கு என்ன உடன்பாடு என்பதைத் தரித்திப், இக்மா எனப்படும் வழக்காறுகள் வரையறுத்தன. முன்னோர் வரிசைகளில் பல, பூத்திக் பகுதியைத் தொடக்கமாகக் குறிப்பிட்டு, அங்கிருந்து வழித்தோன்றல்கள் ஏரியின் பல கரைகளுக்கும் பரவியதாகச் சொல்கின்றன.

நடைமுறையில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: இன்றைய நகராட்சி எல்லைகள் பழைய பிரிவுகளோடு பொருந்துவதில்லை. ஒருங்கிணைந்த லனாவ் மாகாணமே 1959இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பாலோய் இன்று லனாவ் தெல் நோர்த்தேயில் உள்ளது, மற்றவற்றின் பெரும்பகுதி தெல் சூரில் இருக்கிறது. பெயர்களும் மாறியிருக்கின்றன. தன்சாலன் நகரம் 1956இல் மராவி ஆயிற்று; வாத்து என்ற ஊர் பாலிந்தோங் ஆயிற்று; பும்பரன் நகராட்சி அமாய் மனபிலாங் எனப் பெயர் மாற்றப்பட்டது. பழைய தாளில் கண்ட ஊர்ப்பெயரை இன்றைய வரைபடத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால், ஊரே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆகமா என்பதற்கும் குலத்திற்கும் என்ன தொடர்பு?

ஒரு பள்ளிவாசலை மையமாகக் கொண்ட ஊர்ச் சமூகமே ஆகமா. அதற்கென்று சுல்தான், ராடியா மோடா, கபுகாதான், தாத்து முதலிய பட்டங்களும், பெண்களுக்குரிய பாயி அ லாபி முதலிய பட்டங்களும் உண்டு. ஒவ்வொரு பட்டமும் குறிப்பிட்ட வழிகளுக்கு உரியது. சில இடங்களில் இரண்டு மூன்று கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அதை ஏற்கும் ஏற்பாடும் இருக்கிறது. எனவே உங்கள் பாட்டனார் தாங்கிய பட்டம் எது, எந்த ஆகமாவைச் சேர்ந்தது என்று தெரிந்தால், அவர் எந்த முன்னோரின் வழியில் வந்தவர் என்பதில் பாதி தெளிவாகிவிடும். பட்டத்தின் பெயர் எந்தப் பிறப்புச் சான்றிதழிலும் இல்லாமல் போகலாம். ஊர்ப் பெரியவர்களுக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும்.

குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் போதாதா?

போதாது. 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா பிறப்பித்த ஆணையால் பிலிப்பைன்ஸின் பெரும்பகுதியில் நிலையான குடும்பப் பெயர்கள் பரவின. ஏரிநாடு அப்போது ஸ்பானிய ஆட்சிக்கு உட்படவே இல்லை. 1639இல் ஒரு படையெடுப்பு வந்து நிலைக்காமல் திரும்பியது. 1891, 1895ஆம் ஆண்டுகளில் மராவியைத் தாக்கியபோதுதான் ஸ்பானியர் மீண்டும் வலுவாக நுழைந்தனர், சில ஆண்டுகளில் அவர்களுடைய ஆட்சியே முடிந்துவிட்டது. குடும்பப் பெயர் என்பது பிற்பாடு அமெரிக்க ஆட்சியில், பள்ளிச் சேர்க்கையிலும் அரசுப் பதிவுகளிலும் எதையாவது எழுதியாக வேண்டும் என்ற தேவையால் வந்தது. ஒருவர் தந்தை பெயரை எழுதினார், அவருடைய சகோதரர் பாட்டன் பெயரையோ பட்டத்தையோ எழுதினார். ஆகவே உடன்பிறந்தோர் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடும், எந்த உறவும் இல்லாதவர்கள் ஒரே பெயரோடும் இருப்பதைக் காணலாம்.

அதற்கு முந்தைய தலைமுறைகளில் சிக்கல் இன்னும் கூடும். பிறந்தபோது ஒரு பெயர், பட்டமேற்றபின் வேறு பெயர், ஹஜ் சென்று வந்தபின் முன்னால் ஹாஜி என்னும் அடை. பிள்ளை பிறந்தபின் அந்தப் பிள்ளையின் தந்தை என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. 1895இல் மராவிக் கோட்டையைக் காத்துப் போரிட்டு மாண்ட தலைவரின் இயற்பெயர் தாத்து அக்காதிர். வரலாறு அவரை அமாய் பக்பக், அதாவது பக்பக்கின் தந்தை என்றே அறிகிறது, இன்றைய மராவியின் அரசு மருத்துவமனையும் அந்தப் பெயரையே தாங்கியுள்ளது. இப்படி ஒரே மனிதர் மூன்று பெயர்களில் மூன்று இடங்களில் பதிவாகியிருந்தால், மூவராக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. பெயரை எழுதும்போதெல்லாம் மனைவி அல்லது கணவன் பெயரையும் ஊரையும் சேர்த்தே குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். ரோமன் எழுத்தில் ஒரே பெயரை ஸ்பானிய முறையிலும் பிற்கால முறையிலும் வெவ்வேறாக எழுதியிருப்பார்கள் என்பதால், எழுத்துக்கூட்டலை நம்பாமல் ஒலியை நம்புவது நல்லது.

எங்கிருந்து தொடங்குவது?

உயிரோடிருக்கும் மூத்தவர்களிடமிருந்து, அவர்களிலும் பெண்களிடமிருந்து. திருமணப் பேச்சுகளிலும் பெத்தாங் பங்கீட்டிலும் யார் யாருக்கு எவ்வழி உறவு என்று கணக்கிட்டுப் பழகியவர்கள் பாட்டிமார்; ஆண்கள் பட்டத்திற்குச் செல்லும் வழியை நன்றாகச் சொல்வார்கள், பெண்கள் மண உறவால் வந்து சேர்ந்த பக்கக் கிளைகளைச் சொல்வார்கள். பாட்டி எந்த ஊரிலிருந்து மணமாகி வந்தார் என்ற ஒரே கேள்வி, ஆண்வழிப் பட்டியல் மூடி வைத்திருக்கும் பாதி உறவைத் திறந்துவிடும்.

உடனே ஏட்டைக் காட்டுங்கள் என்று கேட்பது முறையன்று. தக்க உறவினர் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும்; வந்த நோக்கத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உறவு கண்டுபிடிக்கப்பட்டபின் மாமா முறையினரைப் பாபா என்றும் அத்தை முறையினரைப் பாபோ என்றும் முறைப்படி அழைத்துப் பேச வேண்டும். பால்குடி உறவையும் மறவாமல் கேட்டுக் குறியுங்கள்: ஒரே பெண்ணிடம் பால் குடித்தவர்களுக்கிடையே மணம் விலக்கப்பட்டது, எந்த ஆவணத்திலும் அது இராது.

அரசு ஆவணங்கள் எந்த அளவுக்கு உதவும்?

கடந்த இரண்டு மூன்று தலைமுறைக்கு ஓரளவு உதவும். கிறிஸ்தவப் பிலிப்பினோக்களுக்கு முதன்மை ஆதாரமாக இருக்கும் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகள் இங்கே இல்லை. குடிமைப் பதிவுச் சட்டம் 1931இல் நடைமுறைக்கு வந்தபோதிலும், ஏரிநாட்டில் பிறப்புகள் நெடுங்காலம் பதிவாகாமலே இருந்தன. இன்றும் லனாவ் தெல் சூரை உள்ளடக்கிய முஸ்லிம் தன்னாட்சிப் பகுதியான பங்சமோரோவில்தான் பிறப்புப் பதிவு நாட்டிலேயே குறைவு. பதிவானவற்றிலும் பல, பள்ளிக்கோ கடவுச்சீட்டுக்கோ தேவைப்பட்டபோது பல ஆண்டுகள் கழித்துப் பெறப்பட்டவை. அவற்றிலுள்ள பிறந்த தேதியை ஏறத்தாழ என்றே கொள்ள வேண்டும். 1977ஆம் ஆண்டு முஸ்லிம் தனிநபர் சட்டத் தொகுப்பு வந்தபின், ஷரியா நீதிமன்றங்களில் மணமும் மணமுறிவும் வாரிசுரிமையும் பதிவாகின்றன. வாரிசு வழக்குகளின் தாள்கள் சிறப்பாகப் பயன்படும், ஏனெனில் உரிமை கோருவோர் அனைவரையும் அவை பெயர் சொல்லி வரிசைப்படுத்துகின்றன.

2017ஆம் ஆண்டுப் போரில் எவ்வளவு அழிந்தது?

2017 மே 23 முதல் அக்டோபர் 23 வரை அரசுப் படைகளுக்கும் ஐ.எஸ். சார்பு ஆயுதக் குழுக்களுக்கும் இடையே ஐந்து மாதங்கள் நடந்த மராவி முற்றுகையில் நகரின் நடுப்பகுதி தரைமட்டமாயிற்று. வீடுகளில் அலமாரியிலும் பெட்டியிலும் இருந்த சல்சிலாக்களும் நிலப் பத்திரங்களும் புகைப்படங்களும் குடும்பங்கள் ஓடிய வேகத்தில் எடுக்கப்படாமல் எரிந்தன. தன்சாலன் கல்லூரி முதல் நாளிலேயே தீக்கிரையானது. இழப்பின் முழு அளவை எவரும் எண்ணிச் சொல்ல இயலாது. ஏனெனில் அந்த ஏடுகளுக்குப் பட்டியலே இருந்ததில்லை.

அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. 2022இல் இயற்றப்பட்ட இழப்பீட்டுச் சட்டத்தின்படி வீடிழந்தோர் வைத்த கோரிக்கைகளில், சொத்து யாருடையது, இறந்துபோன உரிமையாளருக்கு வாரிசுகள் யார் என்று நிறுவ வேண்டியிருக்கிறது. 1953ஆம் ஆண்டின் அரசு அறிவிப்பு நகரின் பெரும்பரப்பை ராணுவ ஒதுக்கிடமாக்கிவிட்டதால், பல குடும்பங்களிடம் முறையான பட்டா முன்பே இல்லை. பத்திரமும் இல்லை, ஏடும் எரிந்தது என்ற நிலையில் அண்டை வீட்டாரின் சாட்சியமும் பெரியவர்களின் நினைவுமே எஞ்சியிருக்கின்றன. ஆகவே அந்த நகரத்துக் குடும்பங்களில் இந்தப் பணியை ஒத்திப்போடக் கூடாது என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மற்றொரு கிளையினரிடமோ, மணிலாவிலோ இலிகானிலோ குடியேறிய உறவினரிடமோ படி ஒன்று இருக்கலாம். முதலில் அவர்களைக் கேளுங்கள்.

இரண்டு சல்சிலாக்கள் முரண்பட்டால் எதை ஏற்பது?

உடனே ஒன்றைத் தள்ளிவிட வேண்டாம். இரண்டையும் அவற்றின் மூலத்தோடு தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். தலைமுறை எண்ணிக்கையில் வேறுபாடு என்றால், பெரும்பாலும் ஒரு படியில் ஒரு பெயர் விடுபட்டிருக்கும், அல்லது ஒருவருடைய இயற்பெயரும் பட்டப்பெயரும் இரண்டு ஆட்களாகிவிட்டிருக்கும். மூத்தவர் யார் என்பதில் வேறுபாடு என்றால் அதன் பின்னால் பட்ட உரிமை வழக்கு ஒன்று இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது ஆய்வாளரின் வேலையன்று.

நபிகள் நாயகம் வரை செல்லும் வழிகளை எப்படிக் கொள்வது?

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோகூரிலிருந்து வந்து மக்கிந்தனாவில் இஸ்லாமிய ஆட்சியை நிறுவியவராகச் சொல்லப்படும் ஷரீப் கபுங்சுவான் வழியாகப் பல உயர்குடும்பங்கள் நபிகளாரின் வம்சத்தோடு தம்மை இணைக்கின்றன. வேறு சில, தரங்கென் காப்பியம் பாடும் பும்பரன் நாட்டு வீரர்களோடு, குறிப்பாகப் பந்துகனோடு உறவு சொல்கின்றன. 17 பகுதிகளும் 72,000 அடிகளும் கொண்ட அந்தக் காப்பியத்தை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் அருங்கலையாக அறிவித்தது.

இவற்றை ஆவணச் சான்றோடு கூடிய அண்மைத் தலைமுறைகளோடு ஒரே தாளில் கலந்து எழுதாமல், குடும்பம் போற்றிவரும் மரபு என்ற தலைப்பில் முழுமையாக, குறைக்காமல் பதிவு செய்வதே சரி. இந்த மரபுதான் எந்த ஊர் எந்த ஊரைத் தமக்கு மூத்ததாக ஏற்றது என்பதைக் காட்டுகிறது. அந்த வகையில் அதன் வரலாற்று மதிப்பு பெரிது.

மரபணுச் சோதனை பயன்படுமா?

நெருங்கிய உறவை உறுதிப்படுத்த உதவலாம். பட்டத்திற்கோ ஆகமாவில் இடத்திற்கோ அது உரிமை தராது. உறவினர் மணம் பல தலைமுறையாகத் தொடர்ந்த குடும்பங்களில் பொதுவான மரபணுப் பகுதிகள் மிகுதியாக இருப்பதால், சோதனை முடிவு உறவை உண்மையைவிட நெருக்கமாகக் காட்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எந்த ஏட்டிலும் இடம்பெறாத குடும்பங்கள் என்ன செய்வது?

பழைய சமூகத்தில் தலைவர்களைச் சார்ந்து வாழ்ந்தவர்களும், கடலோரக் கிராமங்களிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் இருந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் மரனாவ் சமூகத்தில் கலந்துவிட்டனர். சல்சிலா அவர்களைப் பேசுவதில்லை. இன்றும் ஒருவருடைய முன்னோர் அடிமை என்று சபையில் சொல்வது பெரும் அவமதிப்பாகும், இரத்தம் சிந்தும் அளவுக்குப் போகக்கூடியது. ஆயினும் அவர்களும் முன்னோரே. அவர்களைத் தேட விரும்பும் வழித்தோன்றலுக்கு முழு உரிமை உண்டு. அந்தத் தேடல் அவருடைய சொந்த முடிவாக மட்டுமே இருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்த எவரும் அதைத் தொடங்கி வைக்கக் கூடாது.

ரிடோ என்னும் குடும்பப் பகைக்கும் வம்சாவளிக்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. 2007இல் வெளியான கூட்டாய்வு, 1930களிலிருந்து 2005 வரை மிண்டனாவில் 1,266 ரிடோக்கள் நிகழ்ந்து 5,500க்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிட்டது. மாகாணங்களில் அதிகமாக, 377 பகைகள், லனாவ் தெல் சூரில் பதிவாயின. ஒருவர் செய்த குற்றத்திற்கு அவருடைய உறவினர் எவரும் பழிக்கு இலக்காகலாம் என்பதால், யார் யாருக்கு உறவு என்ற செய்தியே உயிருக்கு ஆபத்தான செய்தியாகிவிடுகிறது.

அதே உறவுதான் பகையைத் தீர்க்கவும் வழி தருகிறது. இரு பக்கமும் பல கோடுகளால் பின்னப்பட்டவை ஆதலால், இருவருக்கும் சம அளவில் உறவான ஒருவர் எங்காவது இருப்பார். அவரால்தான் இரண்டு வீட்டு வாசலிலும் அச்சமின்றி நுழைய முடியும். சமரசம் பேசும் பெரியவர்கள் முதலில் பொது முன்னோரின் பெயரை எடுத்துச் சொல்லி, நீங்கள் இருவரும் அவருடைய பிள்ளைகள் என்று தொடங்குவார்கள். இரத்தப் பணமும் பேச்சும் விருந்தும் அதன்பின் வரும். வம்சாவளியைத் திருத்தமாக அறிந்தவர் ஓர் ஊருக்கு எவ்வளவு தேவை என்பதை இதைவிட வலுவாகக் காட்டும் வேறொன்றை நான் அறியேன்.

தொகுத்ததை இணையத்தில் வெளியிடலாமா?

உயிரோடிருப்பவர்களின் பெயர், இருப்பிடம், மண உறவு ஆகியவற்றை வெளியிடவே கூடாது. அதற்கான காரணம் மேலே சொன்ன பதிலில் இருக்கிறது. மூன்று தலைமுறைக்கு முற்பட்டவற்றைக் கூட, ஏடு கொடுத்த குடும்பத்தின் ஒப்புதலோடு, பட்ட உரிமை குறித்து வழக்கு ஏதும் நடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டே வெளியிட வேண்டும். குடும்பத்திற்குள் மட்டும் சுற்றும் படிகளை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில், ஒன்றுக்கு மேற்பட்ட கிளையினரிடம் ஒப்படைப்பது பாதுகாப்பு. கிரிம் எழுத்திலுள்ள மூலத்தை ஒளிப்படமெடுத்து, அதன் கீழே வரிக்கு வரி ரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதி, படித்துச் சொன்னவர் யார், எந்த நாளில் சொன்னார் என்பதையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.